நட ஸ்டேஷனுக்கு

மில்லிக்கன், டொராண்டோ
6-8-1978

அன்புள்ள வேதாவுக்கு,

நானும் அன்னமும் மாப்பிள்ளை உமாபதியும் சௌக்கியம். உன் முழங்கால் எந்த மட்டில் இருக்கிறது? தைலம் தேய்க்கிறாயா, இல்லை பரீட்சைப் பேப்பர் திருத்துகிற சாக்கில் அதை விட்டுவிட்டாயா? மறைக்காமல் எழுது.

வந்த மறுநாளே இந்த ஊர்ப் போலீஸாருடன் எனக்குப் பழக்கம் ஏற்பட்டுவிட்டது. கடைப்பக்கம் நடந்து போனவன் திரும்பும் வழியைத் தவறவிட்டேன். மஞ்சள் கார் ஒன்று வந்தது. கை காட்டினேன், நின்றது. பின் கதவைத் திறந்து உட்கார்ந்து விலாசத்தைச் சொன்னேன். ஓட்டுகிறவன் மெதுவாகத் திரும்பிப் பார்த்தான். தலையில் தொப்பி, மார்பில் பாட்ஜ்.

"சார், இது போலீஸ் கார்" என்றான்.

"ரொம்ப நல்லது. நானும் போலீஸ்தான். சப்-இன்ஸ்பெக்டர், ரிடையர்ட், திருச்சிராப்பள்ளி" என்றேன்.

சிரித்தபடியே வாசலில் கொண்டுவந்து இறக்கினான். ஜன்னல் வழியாக அதைப் பார்த்த அன்னம் தோசைக்கரண்டியோடு தெருவுக்கே ஓடி வந்துவிட்டாள். இங்கே போலீஸ் கார் மஞ்சளாக இருந்தால் அதற்கு நானா பொறுப்பு?

காலையில் ரெண்டு பேரும் வேலைக்குப் போய்விடுகிறார்கள். நான் தொண்டையைச் செருமினால் பத்துப் பேர் எழுந்து நின்ற காலம் உண்டு. இங்கே குளிர்ப்பெட்டிதான் உறுமுகிறது. நேற்று அதற்கு "என்ன?" என்று பதில் சொல்லிவிட்டேன்.

ஒன்று கேள். கடை வாசலில் ஒரு பிக்கப் லாரி நின்றது. அதன் பின்பக்கக் கண்ணாடியில், நம் வீட்டில் துண்டு தொங்கப் போடுகிற மாதிரி, ஒரு துப்பாக்கி தொங்குகிறது! போகிறவர் வருகிறவர் யாரும் ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. இது குறித்து விசாரித்து எழுதுகிறேன்.

உன் நலமே என் நலம்.
கல்யாணசுந்தரம்

---

உறையூர், திருச்சி
20-8-1978

அன்பும் மரியாதையும் உரிய உங்களுக்கு வேதவல்லி எழுதியது.

முழங்கால் அப்படியே இருக்கிறது. உங்கள் கடிதத்தை ஆசிரியர் அறையில் வைத்துப் படித்துச் சத்தமாகச் சிரித்துவிட்டேன். கணக்கு டீச்சர் என்னவோ ஏதோவென்று பயந்துபோனாள். எனக்கு லீவு கிடைத்திருந்தால் நானும் அந்த மஞ்சள் காரில் ஏறியிருப்பேன்.

இப்போது ஒரு முக்கியமான சங்கதி. ஸ்டேஷனுக்குப் புதிதாக ஒரு இன்ஸ்பெக்டர் வந்திருக்கிறார். லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் எல்லோரும் இந்த மாதக் கடைசிக்குள் துப்பாக்கியைக் கொண்டுவந்து காட்ட வேண்டும், ஊரில் இல்லாதவர்களின் துப்பாக்கியை ஒப்படைத்துவிட வேண்டும் என்று உத்தரவாம். கான்ஸ்டபிள் வந்து சொல்லிவிட்டுப் போனார். உங்கள் ரெட்டைக்குழல் துப்பாக்கி பீரோவில் என் பட்டுப்புடவைகளுக்குப் பக்கத்தில் நிற்கிறது. நான் என்ன செய்யட்டும்? நீங்கள் விவரம் தெரிந்தவர். உடனே பதில் எழுதுங்கள்.

வெயிலில் அலையாதீர்கள். அங்கே வெயில் உண்டா?
வேதவல்லி

---

மில்லிக்கன்
3-9-1978

அன்புள்ள வேதாவுக்கு,

இங்கே யாருக்கும் தும்மல்கூட இல்லை. உன் கடிதம் கிடைத்தது. இந்த நாட்டுத் துப்பாக்கிச் சட்டத்தைப் பற்றி நான் செய்த விசாரணையை முதலில் எழுதுகிறேன், கேள்.

டோநட் கடை என்று ஒன்று இருக்கிறது. மெதுவடை மாதிரி நடுவில் ஓட்டை, ஆனால் இனிப்பு. அங்கே எனக்குப் பழக்கமான அதே போலீஸ்காரன் காப்பி குடித்துக்கொண்டிருந்தான். வெளியே அதே பிக்கப் நின்றது, அதே துப்பாக்கியோடு. "அதோ பார்" என்றேன். பார்த்தான். "பார்த்தேன் சார்" என்றான். "நடவடிக்கை?" என்றேன். "தோட்டா போடாமல் இருந்தால் நடவடிக்கை எதுவுமில்லை சார். அவர் விவசாயி. சோளத்தில் காக்காய் விழுகிறது" என்றான். கைத்துப்பாக்கி என்றால் பதிவு, அனுமதி, ஆயிரம் கெடுபிடி உண்டாம். நீளத் துப்பாக்கிக்கு ஒன்றுமே இல்லையாம். போன வருஷம் புதுச் சட்டம் ஒன்று பாஸாகி, பாதி அமலுக்கு வந்துவிட்டதாம், மீதி வரும் ஜனவரியிலிருந்தாம். "அப்படியானால் இன்றைக்கு எது சட்டம்?" என்று கேட்டேன். எனக்கும் ஒரு டோநட் வாங்கிவந்து முன்னால் வைத்தான். பாவம்.

அதனால் எதிர்வீட்டு அருளம்பலத்திடம் போனேன். யாழ்ப்பாணத்துக்காரர். சாவகச்சேரியில் வக்கீல் ஒருவரிடம் குமாஸ்தாவாக இருந்தவர். இங்கே இன்ஷூரன்ஸ் கம்பெனியில் வேலை. "துவக்குப் பற்றித்தானே கேக்கிறியள்?" என்றார். நான், "எதைத் துவக்குவது?" என்று கேட்டுவிட்டேன். அவர்கள் ஊரில் துப்பாக்கிக்கு அதுதான் பெயராம்!

"ஓம் அண்ணை, துவக்கு வைச்சிருக்கிறது இங்கை குற்றமில்லை. உதைக் கொண்டு எங்கை நிக்கிறியள் எண்டதிலைதான் எல்லாம் இருக்கு. உந்த ஸ்டீல்ஸ் ரோட்டுக்கு வடக்கை வயல், தெற்கை நகரம். வடக்கை நிண்டு காகத்தைச் சுடலாம். தெற்கை நிண்டு சுட்டால் பிடிப்பாங்கள்."

"ரோட்டின் நடுவில் நின்று சுட்டால்?"

"அது எனக்குத் தெரியாது அண்ணை. ரெண்டு பக்கத்துக்கும் வேறை வேறை பொலிஸ். அவங்களுக்கும் தெரியாது எண்டுதான் நினைக்கிறன்."

இன்னொன்றும் சொன்னார். கண்ணெதிரே பெரிய குற்றம் நடந்தால் சாதாரணப் பிரஜையே பிடித்துப் போலீஸில் ஒப்படைக்கலாமாம். போலீஸ் உதவி கேட்டுத் தகுந்த காரணம் இல்லாமல் மறுத்தால் அதுவே குற்றமாம். இதைக் கேட்டதும் எனக்கு இந்த நாட்டின் மேல் தனி மரியாதையே வந்துவிட்டது. இங்கே வேலையில்லாதவன் என்று ஒருவனும் இல்லை, பார்த்தாயா?

மற்றவை அடுத்ததில்.
கல்யாணசுந்தரம்

---

உறையூர்
16-9-1978

மரியாதைக்குரிய உங்களுக்கு,

சுகமே. தைலம் தீர்ந்துவிட்டது, வாங்கிக்கொள்கிறேன்.

கனடா தேசத்துச் சட்டம் முழுவதும் தெரிந்துகொண்டேன். நம் பீரோவைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

நானே போய் விசாரித்தேன். ஸ்டேஷனில் ரைட்டர், "தாராளமா எடுத்துக்கிட்டு வாங்கம்மா" என்றார். நல்லவேளை, தாலுகா ஆபீஸில் இருக்கும் என் பழைய மாணவியிடம் ஒரு வார்த்தை கேட்டேன். அவள் பதறிவிட்டாள். "டீச்சர், லைசென்ஸ் சார் பேர்ல இருக்கு. நீங்க அதைக் கையில எடுத்துக்கிட்டுத் தெருவில் இறங்கினா, லைசென்ஸ் இல்லாம ஆயுதம் வச்சிருந்ததா உங்க மேலேயே கேஸ் போடலாம்" என்றாள். திரும்பவும் ரைட்டரிடம் வந்தேன். அவர் தலையைச் சொறிந்துவிட்டு, "அதுவும் சரிதான். ஆனா கொண்டு வராட்டி, ஒப்படைக்காததுக்கு ஒரு கேஸ் இருக்கே" என்றார். "நீங்கள் வந்து எடுத்துப் போங்களேன்" என்றேன். "அதுக்கு ஐயா உத்தரவு வேணும். ஐயா பந்தோபஸ்துக்குப் போயிருக்கார்" என்றார்.

ஆக, பீரோவில் இருந்தால் ஒரு கேஸ், தெருவில் போனால் இன்னொரு கேஸ். ரெண்டில் எது சின்னது என்றாவது எழுதுங்கள். தவணையை அக்டோபர் பத்து வரை நீட்டியிருக்கிறார்கள்.

அன்னத்துக்கும் மாப்பிள்ளைக்கும் என் ஆசி.
வேதவல்லி

---

மில்லிக்கன்
1-10-1978

அன்புள்ள வேதாவுக்கு,

அனைவரும் நலம். குளிர் தொடங்கிவிட்டது. மரங்களின் இலைகள் எல்லாம் சிவப்பாகிவிட்டன. பார்க்க வெகு நேர்த்தியாக இருக்கிறது. மாப்பிள்ளை எனக்கு ஒரு கம்பளிச் சட்டை வாங்கிக் கொடுத்திருக்கிறார். பால் நன்றாக இருக்கிறது.

என் தந்தி கிடைத்திருக்கும். அதன்படி நடந்துகொள்.

போன வியாழக்கிழமை இங்குள்ள போலீஸாருக்கு ஒரு சிறு உதவி செய்ய நேர்ந்தது. அவர்கள் கை குலுக்கினார்கள். விசேஷமாக ஒன்றுமில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.
கல்யாணசுந்தரம்

---

மில்லிக்கன்
4-10-1978

அம்மாவுக்கு அன்னம் எழுதுவது.

நாங்கள் இருவரும் நன்றாக இருக்கிறோம். அப்பாவும் இப்போது நன்றாக இருக்கிறார். "இப்போது" என்று எழுதியதும் உனக்குப் புரிந்திருக்கும். அம்மாவுக்கு எழுதாதே என்று அப்பா சத்தியம் கேட்டார். நான் அடுப்பைப் பார்க்கப் போகிற மாதிரி போய்விட்டேன். ஆகையால் சத்தியம் எதுவும் செய்யவில்லை.

போன வியாழக்கிழமை சாயங்காலம் நாங்கள் வேலை முடிந்து வந்தபோது அப்பாவைக் காணோம். உமாபதி தெருத்தெருவாகக் காரில் தேடினார். நான் அருளம்பலம் மாமா வீட்டிலிருந்து போன் மேல் போனாகப் போட்டேன். அப்போது ஒரு பிக்கப் லாரி வாசலில் வந்து நின்றது. அதிலிருந்து எழுபது வயது வெள்ளைக்காரர் ஒருவரும் அப்பாவும் இறங்கினார்கள். அப்பாவுக்கு முழங்கையில் சிராய்ப்பு, சட்டையெல்லாம் மண். நேரே மாடிக்குப் போனவர், உடனே இறங்கி வந்து, "தந்தி ஆபீஸ் எங்கே?" என்று கேட்டார். அப்போதுதான் திரும்பி வந்த உமாபதி, மாமா வீட்டுப் போனிலேயே தந்தி கொடுத்துவிட்டார். அதுதான் உனக்கு வந்தது.

பெரியவர் பெயர் பர்ட்டன். ஸ்டீல்ஸ் ரோட்டுக்கு வடக்கே சோளம் போடுகிறவர். அடுப்படியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னார். கேள்.

அன்று மத்தியானம் அவர் வயலில் காக்காய் சுட்டுவிட்டு, துப்பாக்கியை அக்குளில் இடுக்கியபடி ரோட்டைத் தாண்டித் தெற்குப் பக்கம் வந்திருக்கிறார், அங்கே நிறுத்தியிருந்த லாரியை எடுக்க. நம் அப்பா அங்கே நின்றுகொண்டிருக்கிறார். நேரே போய், "நீ ஸ்டேஷனுக்கு வரவேண்டும்" என்று சொல்லியிருக்கிறார். பர்ட்டனுக்கு ஒரு காது மந்தம். ஸ்டேஷன் என்ற சொல் மட்டும்தான் விழுந்திருக்கிறது. யாரோ ரயிலுக்கு வழி தெரியாமல் நிற்கிறார் என்று நினைத்து, "அதற்கென்ன, ஏறிக்கொள்ளுங்கள். நான் பிக்கரிங்தான் போகிறேன்" என்றிருக்கிறார்.

கைதி இவ்வளவு ஒத்துழைப்பு தருகிறானே என்று அப்பாவும் ஏறிவிட்டார். துப்பாக்கி பின்னால் தொங்குகிறது. கைதிதான் வண்டி ஓட்டுகிறான். பாதி வழியில் அப்பா, "நீ ஒரு வக்கீல் வைத்துக்கொள்ளலாம்" என்று சொன்ன பிறகுதான் பர்ட்டனுக்கு விஷயமே விளங்கியதாம். "சிரிப்பை அடக்க முடியவில்லை. ஆனால் என் மனைவி போன பிறகு அந்த லாரியில் என் பக்கத்தில் உட்கார்ந்து யாரும் பேசியதில்லை. அதனால் சும்மா இருந்துவிட்டேன்" என்றார்.

பிக்கரிங் போய் நின்றதும் அப்பா சுற்றுமுற்றும் பார்த்து, "இது ரயில்வே ஸ்டேஷன்!" என்று கத்தியிருக்கிறார். "வேறு எந்த ஸ்டேஷன்?" என்று இவர் கேட்டிருக்கிறார். ரெண்டு பேரும் வாய்விட்டுச் சிரித்திருக்கிறார்கள். அப்பா சிரித்தாராம், அம்மா. பிறகு அப்பாவுக்கு வீடு திரும்ப பஸ் விசாரிக்க ரெண்டு பேரும் உள்ளே போயிருக்கிறார்கள். லாரியைப் பூட்டவில்லை.

திரும்பி வந்தால், சிவப்புச் சட்டை போட்ட ஒருவன் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு ஓடுகிறான். பர்ட்டன் திகைத்து நின்றுவிட்டார். அப்பா ஓடினார். ஐம்பத்தெட்டு வயதில், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு! ஓடிக்கொண்டே, "டேய்! நில்லுடா!" என்று ஒரு அதட்டல் போட்டாராம். "எனக்கு அந்தப் பாஷை தெரியாது. ஆனால் நானே ஆடாமல் நின்றுவிட்டேன்" என்றார் பர்ட்டன். அந்தத் திருடனும் நின்றுவிட்டான். கையிலிருந்ததைப் போட்டுவிட்டு அப்புறம்தான் திரும்ப ஓட்டமெடுத்தான். ரயிலிலிருந்து இறங்கி வந்த ரெண்டு பேர் அவனை மடக்கிப் பிடித்துவிட்டார்கள்.

அதோடு முடிந்திருக்கலாம். அப்பா தடுக்கி விழுந்தவர், எழுந்து துப்பாக்கியைக் கையில் எடுத்து, தோட்டா இருக்கிறதா என்று திறந்து பார்த்திருக்கிறார். அந்த நேரம் பார்த்துப் போலீஸ் வந்துவிட்டது. யாரோ போன் செய்திருக்கிறார்கள். வந்தவர்களுக்குத் தெரிந்ததெல்லாம், வேட்டி கட்டிய ஒரு ஆள் ஸ்டேஷன் வாசலில் துப்பாக்கியோடு நிற்கிறான் என்பதுதான். ரெண்டு பேரும் ரிவால்வரை நீட்டிக்கொண்டு, "கீழே போடு!" என்று கத்தினார்கள்.

அப்பா போடவில்லை. "துப்பாக்கியைக் கீழே போடக் கூடாது, வைக்க வேண்டும். வெடித்துவிடும்" என்று அவர்களுக்குப் பாடம் எடுத்திருக்கிறார், அம்மா! மூன்றாம் தடவை அவர்கள் கத்தியபோது பர்ட்டன் ரெண்டு கையையும் விரித்துக்கொண்டு நடுவில் போய் நின்றுவிட்டார்.

"சுடாதீர்கள்! எனக்கு இவரை நன்றாகத் தெரியும்!"

"எப்படித் தெரியும்?"

"இவர்தான் என்னை அரெஸ்ட் செய்தவர்!"

இதைச் சொல்லிவிட்டுப் பர்ட்டன் மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு மாடிக்குப் போய்ப் பார்த்தேன். அப்பா கட்டிலில் உட்கார்ந்து தன் ரெண்டு கைகளையும் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வந்ததும் முதுகுப் பக்கம் வைத்துக்கொண்டார். அரைமணி நேரம் விலங்கு மாட்டியிருந்தார்களாம். அது பர்ட்டன் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

வழக்கு எதுவும் அப்பா மேல் இல்லை. திருடன் கேஸில் சாட்சி சொல்ல வேண்டும். பர்ட்டன் பெரிய பூசணிக்காய் ஒன்று கொண்டுவந்து கொடுத்தார். மூன்று நாளாகப் பூசணிக்காய்ச் சாம்பார்.

நான் எழுதினேன் என்று காட்டிக்கொள்ளாதே.
அன்னம்

---

உறையூர்
18-10-1978

மரியாதைக்குரிய உங்களுக்கு,

நலம். முழங்கால் சரியாகிவிட்டது, காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். இலைகள் சிவப்பாகிவிட்டன என்று எழுதியிருந்தீர்கள், மிக்க மகிழ்ச்சி. பால் நன்றாக இருப்பதிலும் மகிழ்ச்சி.

"துப்பாக்கியைத் தொடாதே" என்று தந்தி வந்தது. ரெண்டு கடிதத்தில் கேட்டும் இதற்குப் பதில் எழுதாதவர் திடீரென்று தந்தி அடித்தால், அதில் ஏதோ இருக்கிறது என்று புரிந்துகொண்டு, அதன்படியே நடந்தேன். தொடவேயில்லை.

பீரோவைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, ஒரு கைவண்டி பேசினேன். துப்பாக்கி உள்ளே இருக்க, பீரோவையே ஸ்டேஷனுக்குக் கொண்டு போய்விடுவது என்று முடிவு செய்தேன். பீரோவுக்கு லைசென்ஸ் வேண்டியதில்லை அல்லவா? வண்டிக்காரர் ஒரு ஆளால் தள்ள முடியவில்லை. நம் தெருவில் மாவுமில் வைத்திருப்பவர் வந்து கை கொடுத்தார். பிறகு தையல்கடைக்காரர். எங்கே போகிறது என்று கேட்டு ஸ்டேஷனுக்கு என்றதும், பீரோவில் திருட்டுப் போய்விட்டது என்று ஒரு பேச்சு கிளம்பி, எல்லோரும் துக்கத்தோடு கூடவே வந்தார்கள். நான் பின்னால் நடந்தேன். பாதி வழியில் வெட்கம் போய் ஒரு வேகம் வந்துவிட்டது. முழங்கால் சரியானது அப்போதுதான்.

ரைட்டர் வெளியே வந்து, "என்னம்மா இது?" என்றார். "நான் துப்பாக்கியைத் தொடவில்லை. இதோ சாவி. நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்" என்றேன். அவரும் தொட யோசித்தார். உள்ளிருந்து புது இன்ஸ்பெக்டரே வந்துவிட்டார். இளவயதுக்காரர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, சிரிக்காமல் இருக்கப் பெரும்பாடு பட்டு, தானே சாவி போட்டுத் திறந்து எடுத்து ரசீது கொடுத்தார். "டீச்சர், ஒரு வரி எழுதிப் போட்டிருந்தா நானே வந்திருப்பேனே" என்றார். ரைட்டர் வேறு பக்கம் பார்த்தார். திரும்பும்போது பீரோவைத் தள்ள ரெண்டு கான்ஸ்டபிள்களை அனுப்பினார்கள். பொதுமக்கள் போலீஸுக்கு உதவுவது பற்றி எழுதியிருந்தீர்களே, இங்கே ரெண்டு தரப்பும் உதவிக்கொண்டோம்.

உங்களை ஒன்று கேட்க வேண்டும். நீங்கள் செய்த அந்தச் சிறு உதவி எவ்வளவு சிறியது?

வேதவல்லி

---

மில்லிக்கன்
2-11-1978

அன்புள்ள வேதாவுக்கு,

நான் நலம்தான். மற்றவர்களும்.

பீரோ ஊர்வலத்தைப் படித்து மாப்பிள்ளைக்குப் புரையேறிவிட்டது. நான் சிரிக்கும் முன் இன்னொரு தடவை படித்தேன். சரியான யோசனை. எனக்குத் தோன்றியிருக்காது.

உன் கேள்வியைப் பார்த்ததும் அன்னம் எழுதிவிட்டாள் என்று தெரிந்துகொண்டேன். விசாரணை முறை எனக்குத் தெரியாததா? அவளைக் கோபித்துக்கொள்ளவில்லை.

நடந்தது தெரியும் உனக்கு. தெரியாததை எழுதுகிறேன். அந்த ரெண்டு பையன்களும் ரிவால்வரை நீட்டியபோது அவர்கள் கை நடுங்குவதைப் பார்த்தேன். என்னைவிட அவர்களுக்குத்தான் பயம் அதிகம். பயந்தவன் கையில் இருக்கும் துப்பாக்கி எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். அப்போது எனக்கு நினைவுக்கு வந்தது என்ன தெரியுமா? நீ, நம் துப்பாக்கியைப் பழம்புடவையில் சுற்றி, குடையைப் போல இடுக்கிக்கொண்டு, உறையூர்த் தெருவில் ஸ்டேஷனுக்கு நடந்து போகிறாய். எதிரே எவனோ ஒரு புதுக் கான்ஸ்டபிள் வருகிறான். நீ ரெண்டு கடிதத்தில் கேட்டும் நான் அதற்குப் பதில் எழுதவில்லை. ஏன் எழுதவில்லை என்றால், லைசென்ஸ்காரன் வெளிநாட்டில் இருந்தால் வீட்டில் இருப்பவர் என்ன செய்ய வேண்டும் என்று எனக்குச் சரியாகத் தெரியாது. தெரியாது என்று உனக்கு எழுத மனம் வரவில்லை. வேதா, உண்மையில் அவ்வளவுதான்.

பர்ட்டன் ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறார். தன் துப்பாக்கியைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டாராம். பேச்சுக்குப் பஞ்சமில்லை. பாதி அவருக்குக் காது கேட்பதில்லை, மீதி எனக்குப் புரிவதில்லை. பொழுது நன்றாகப் போகிறது.

கல்யாணசுந்தரம்

---

உறையூர்
16-11-1978

உங்களுக்கு,

நான் நலமாக இல்லை. கோபமாக இருக்கிறேன். அன்னத்தின் கடிதம் வந்த நாளிலிருந்தே. உங்கள் வாயால் வரட்டும் என்று காத்திருந்தேன்.

முப்பத்துமூன்று வருஷம் நீங்கள் பந்தோபஸ்து, கலவரம், ரெய்டு என்று போனீர்கள். "என் மனைவிக்குப் பயமே கிடையாது" என்று எல்லோரிடமும் பெருமையாகச் சொல்வீர்கள். பயம் இருந்தது. நான் பயந்து காட்டினால் நீங்கள் ஒரு நொடி தயங்குவீர்கள், அந்த ஒரு நொடியில் ஏதாவது ஆகிவிடும் என்றுதான் காட்டவில்லை. நீங்கள் ரிடையரான அன்று பாயசம் வைத்தேன். உங்கள் சேவையைக் கொண்டாடுவதற்கு என்று நினைத்து ரெண்டு டம்ளர் வாங்கிக் குடித்தீர்கள். இனி ஒருவரும் இவரைச் சுட மாட்டார்கள் என்று நான் வைத்த பாயசம் அது.

அதற்குப் பிறகும், கடல் தாண்டிப் போய், துப்பாக்கியைக் கீழே போடுவதா வைப்பதா என்று இலக்கணம் பேசிக்கொண்டு நின்றிருக்கிறீர்கள். இலக்கணம் நான் சொல்லித் தருகிற பாடம். நானாக இருந்தால் போட்டிருப்பேன்.

பர்ட்டன் அவர்களுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். அவருக்குக் கேட்கிற மாதிரி, உரக்கச் சொல்லுங்கள்.

ரசீது பத்திரமாக இருக்கிறது. அந்தத் துப்பாக்கி திரும்பி வர வேண்டுமா என்று யோசியுங்கள். நான் யோசித்துவிட்டேன்.

வேதவல்லி

---

மில்லிக்கன்
1-12-1978

அன்புள்ள வேதாவுக்கு,

உன் கோபம் தணிந்து, உடம்பும் மனசும் நன்றாக இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டு எழுதுகிறேன். நான் சௌக்கியம். இதில் மறைவு எதுவும் இல்லை.

துப்பாக்கி வேண்டாம். லைசென்ஸை ஒப்படைப்பதாக இன்ஸ்பெக்டருக்குத் தனியாக எழுதிப் போட்டுவிட்டேன். அது நின்ற இடத்தில் இன்னும் நாலு புடவை வைத்துக்கொள்.

திங்கட்கிழமை கோர்ட் ஆயிற்று. எத்தனையோ தடவை கூண்டில் ஏறிச் சாட்சி சொன்னவன் நான். இந்தத் தடவைதான் முதல் நாள் ராத்திரி அன்னத்திடம் ஒப்பித்துப் பார்த்தேன். எதிர்த்தரப்பு வக்கீல், "அந்த மனிதனைப் பார்த்து என்ன சொன்னீர்கள்?" என்று கேட்டார். "டேய் நில்லுடா என்றேன்." "அதன் பொருள்?" "ஐயா, தயவுசெய்து நில்லுங்கள்" என்றேன். பின்னால் அன்னத்துக்குச் சிரிப்பு வந்து வெளியே எழுந்து போய்விட்டாள். "எந்த அதிகாரத்தில் மிஸ்டர் பர்ட்டனை அரெஸ்ட் செய்தீர்கள்?" என்று அடுத்த கேள்வி. பதில் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் பர்ட்டன் தம் இடத்திலிருந்தே, "என் சம்மதத்தோடுதான்!" என்று கத்தினார். கேட்காத காதுக்கு அது மட்டும் எப்படிக் கேட்டதோ.

திருடன் வேலை போய் ஆறு மாதமானவனாம். மூன்று மாதம் தண்டனை. மாஜிஸ்திரேட் எங்கள் ரெண்டு பேருக்கும் நன்றி சொல்லிவிட்டு, "அடுத்த தடவை இப்படி ஏதாவது நடந்தால் நீங்கள் இருவரும் தயவுசெய்து ஒரு போன் மட்டும் செய்யுங்கள்" என்றார். பிக்கரிங்கில் என்னைப் பார்த்துக் கத்தியவர்களில் ஒருவன் வெளியே காத்திருந்தான். மன்னிப்புக் கேட்க வந்தவன் தொப்பியைக் கழற்றித் திருகினான். "ரிவால்வரை அவ்வளவு இறுக்கிப் பிடிக்காதே, நடுக்கம் அதிகமாகும்" என்று சொல்லித் தோளைத் தட்டிக் கொடுத்தேன். அவனுக்கு என் மகன் வயது இருக்கும், நமக்கு மகன் இருந்திருந்தால்.

டிக்கெட் போட்டாயிற்று. இருபத்திரண்டாம் தேதி காலை சென்னை வந்து இறங்குகிறேன். உனக்கு அரைப் பரீட்சை லீவு விட்டிருக்கும்.

எந்த ஊருக்கு மாற்றலாகிப் போனாலும், வந்தாலும், ரயிலடிக்கு ரெண்டு கான்ஸ்டபிள்கள் வந்து சல்யூட் அடித்துப் பெட்டியைத் தூக்கிக்கொள்வார்கள். உன்னை வர வேண்டாம் என்று நான்தான் சொல்வேன். இந்தத் தடவை வேறு யாரும் வர வேண்டாம். நீ வா. மீனம்பாக்கத்தில் கம்பித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நில். எவ்வளவு கூட்டமாக இருந்தாலும் ஒரு ஆளை அடையாளம் கண்டுபிடிக்க எனக்குத் தெரியும், அதில் எனக்கு அனுபவம் உண்டு. கண்டுபிடித்த பிறகு என்ன செய்வது என்பதுதான் தெரியவில்லை. அதை நீ வந்து சொல்.

உன்
கல்யாணசுந்தரம்